பெறப்பட்டது, திருத்தப்பட்டது, ஏற்கப்பட்டது

ஆய்வுக்கட்டுரை ஒன்றைத் திறந்தால் தலைப்பு, பெயர்கள், சுருக்கம் என்று கண் கடகடவென்று இறங்கிவிடும். அதற்கிடையே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். பெறப்பட்டது இன்ன தேதி, திருத்தப்பட்டது இன்ன தேதி, ஏற்கப்பட்டது இன்ன தேதி, இணையத்தில் வெளியானது இன்ன தேதி. கட்டுரையைப் படிக்க வருகிறவர்கள் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை. நான் இதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிற ஆள். ஆய்விதழ்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்தில் புரொடக்‌ஷன் எடிட்டராக இருக்கிறேன். இயற்பியலில் சில ஜர்னல்கள், உயிரியலில் சில, என் பொறுப்பில் ஓடுகின்றன.

"அப்போ எல்லா ஆராய்ச்சியையும் படிச்சுப் பார்த்து சரியா தப்பான்னு நீதான் சொல்றியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இல்லை. சரியா தப்பா என்று பார்ப்பது மதிப்பாய்வாளர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காசும் கிடையாது. ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பது இதழின் எடிட்டர். அவரும் அநேகமாக எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே இதையும் பார்க்கிறவர். "ஏற்கப்பட்டது" என்ற மின்னஞ்சல் போன பிறகுதான் கட்டுரை எங்களிடம் வருகிறது. கட்டுரையாளர் அன்றைக்கே எல்லாம் முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிடுவார். எங்களுக்கு அன்றைக்குத்தான் கோப்பு திறக்கும்.

திறந்தால் முதலில் படங்கள். புகைப்படம் என்றால் குறைந்தது 300 டிபிஐ வேண்டும் என்று வழிகாட்டியில் தெளிவாகப் போட்டிருப்போம். வருவது பவர்பாயிண்டில் ஒட்டி, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வேர்டில் ஒட்டிய ஒன்று. அடுத்து மேற்கோள் பட்டியல். 17-ஆம் எண் கட்டுரைக்குள் எங்குமே வராது. கட்டுரைக்குள் வரும் 43 பட்டியலில் இருக்காது. இப்படி ஒவ்வொன்றுக்கும் காப்பி எடிட்டர் ஓரத்தில் ஒரு கேள்வி வைப்பார். ஆத்தர் குவெரி என்போம். "அட்டவணை 2-இல் 0.05 என்றும் பத்தியில் 0.5 என்றும் உள்ளது. எது சரி?" பதில் வரும்: "ஆம்." இதைச் சொன்னால் இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் சிரிக்க மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

ஹவுஸ் ஸ்டைல் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு இதழுக்கும் தனித்தனி விதிகள்: மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும், எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இடம் விட வேண்டும், இத்யாதி. வெளியாட்களுக்கு இது வீண் பிடிவாதமாகத் தெரியும். அந்தப் பிடிவாதத்தால் ஒரு பூனை இணை ஆசிரியரான கதை இயற்பியல்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1975-இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஃபிஸிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸுக்கு ஒரு கட்டுரை தயார் செய்தார். தனியாக எழுதியதை முழுக்க "நாங்கள்" என்றே எழுதியிருந்தார். ஒற்றை ஆள் அப்படி எழுதினால் அந்த இதழில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். டைப்ரைட்டர் காலம், முழுவதையும் மறுபடி அடிக்க அவருக்கு மனமில்லை. வீட்டுப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லர்ட் என்று பெயர் சூட்டி இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். கட்டுரை வெளியானது. இன்றைக்கு அந்தப் பூனையிடம் ஆய்வாளர்களின் அடையாள எண்ணான ஆர்க்கிட்டைக் கேட்டிருப்போம்.

சரி, தேதிக்கு வருகிறேன்.

ஆய்விதழ் என்ற ஏற்பாட்டின் அடியில் இருப்பதே தேதிதான் என்று நினைக்கிறேன். 1665 மார்ச்சில் லண்டனில் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ் இதழைத் தொடங்கினார். பாரிஸில் அதே வருடம் ஜனவரியில் இன்னொரு இதழ் முந்திக்கொண்டுவிட்டது, அது வேறு கதை. அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு இருந்த பெரிய பயம், சொன்னால் இன்னொருவன் தனதென்று சொல்லிக்கொள்வானே என்பது. ஓல்டன்பர்க் அதற்கு ஒரு வழி காட்டினார்: கடிதத்தை என்னிடம் அனுப்பு, எப்போது வந்தது என்று குறித்து வைக்கிறேன், அச்சிலும் போடுகிறேன். நீ முதலில் சொன்னாய் என்பதற்கு அதுவே சாட்சி. மதிப்பாய்வு இன்றைய உருவில் வந்து சேர்ந்தது அதற்கு வெகு பின்னால். நேச்சர் இதழே வெளியாட்களின் மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது 1973-இல்தான்.

அதனால்தான் டிஎன்ஏயின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன வாட்சன், கிரிக் நேச்சரில் எழுதிய கட்டுரையில் 1953 ஏப்ரல் 2 என்று தேதி இருக்கிறது, இதழ் வந்தது ஏப்ரல் 25. யாரிடமும் மதிப்பாய்வுக்குப் போகவில்லை. மதிப்பாய்வு இருந்தாலும் வேகம் முடியாதது இல்லை. ஈர்ப்பலையைக் கண்டறிந்ததைச் சொன்ன லைகோ கட்டுரை 2016 ஜனவரி 21-இல் வந்து, மதிப்பாய்வும் முடிந்து, பிப்ரவரி 11-இல் வெளியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கொண்ட கட்டுரை அது. அந்த மூன்று வாரத்தில் அதன் புரொடக்‌ஷன் பக்கம் இருந்தவர்கள் தூங்கியிருப்பார்களா என்பதுதான் எனக்கு வரும் முதல் யோசனை. மறுகோடியில் ஜப்பானியக் கணிதவியலாளர் மொச்சிசுகி. ஏபிசி அனுமானத்தை நிறுவிவிட்டதாக அவர் 2012-இல் இணையத்தில் ஏற்றியவை இதழில் அச்சாக 2021 ஆகிவிட்டது. அச்சான பிறகும் சண்டை ஓயவில்லை.

நடைமுறையில் இந்தத் தேதிகளை யார் நம்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு ஜனவரியில்தான் உறைத்தது. ஒரு கட்டுரை 3-ஆம் தேதி ஏற்கப்பட்டது. அன்று மாலையே கட்டுரையாளரிடமிருந்து மின்னஞ்சல். ஏற்கப்பட்ட தேதியை டிசம்பர் 31 என்று போட முடியுமா? அவருடைய பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வுக்கு அந்த வருடத்துக்குள் ஏற்கப்பட்ட கட்டுரைகளைத்தான் எண்ணுவார்களாம். ஒன்று குறைகிறது. திருத்திய பிரதியை அவர் டிசம்பர் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டார். இரண்டாவது மதிப்பாய்வாளர் விடுமுறையில் போய்விட்டு வந்து, "எனக்கு வேறு எதுவும் சொல்ல இல்லை" என்று ஒற்றை வரி எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அந்த ஒற்றை வரியால் ஒருவருக்கு ஒரு வருடம் போகிறது.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் மாற்ற முடியாது. எடிட்டர் பொத்தானை அழுத்தும் நொடியில் கணினி தானாகப் பதியும் தேதி அது. அங்கிருந்து கட்டுரையின் கணினிக் கோப்பான எக்ஸ்எம்எல்லில் ஒரு டேகாக உட்கார்ந்து, பிடிஎஃப்புக்கும் இணையப் பக்கத்துக்கும் தரவுத்தளங்களுக்கும் போகிறது. தொழில்நுட்பத்தால் முடியாது என்று சொல்வது பாதிப் பொய்தான். டேகைத் திருத்த எனக்கு அரை நிமிடம் போதும். திருத்தினால் அப்புறம் அந்த வரிக்கு மதிப்பில்லை, அவ்வளவுதான். அடுத்த மின்னஞ்சல் அவருடைய துறைத்தலைவரிடமிருந்து வந்தது. என் மேலதிகாரி, இந்தத் தொழிலில் என்னைவிட இரண்டு மடங்கு அனுபவம் உள்ளவர், "லெட்டர் கொடுத்துடலாம்மா, தேதியைத் தொட வேண்டாம்" என்றார். திருத்திய பிரதி எப்போது வந்தது, தாமதம் யாருடையது, இதில் கட்டுரையாளரின் பங்கு எதுவும் இல்லை என்று இதழின் பெயரில் ஒரு கடிதம் போனது. கமிட்டி அதை எடுத்துக்கொள்ளவில்லை என்று அவர் பிறகு எழுதினார். கோபம் கமிட்டி மேல் இல்லை, எங்கள் மேல்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறொன்று. தேதியைத் திருத்தாமலே திருத்துகிற வித்தை. பெரிய திருத்தம் தேவைப்படும் கட்டுரையைத் "திருத்தித் தாருங்கள்" என்று சொல்லாமல் "மறுக்கப்பட்டது, ஆனால் மறுபடி சமர்ப்பிக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே கட்டுரை புது எண்ணோடு உள்ளே வரும். பெறப்பட்டது என்ற இடத்தில் புதுத் தேதி. ஏற்பது ஐந்தே வாரத்தில். இதழின் முகப்பில் "சமர்ப்பித்ததிலிருந்து ஏற்பு வரை சராசரி இத்தனை நாள்" என்று அழகான ஓர் எண் மின்னும். எல்லா இதழும் இப்படிச் செய்வதில்லை. நிஜமாகவே புதுக் கட்டுரை போல ஆகிவிடும் அளவுக்குத் திருத்தம் தேவைப்படும் இடங்களும் உண்டு. ஆனால் வழக்கமாகவே இதைச் செய்யும் இதழை, உள்ளே இருப்பவர்கள் அந்த வரியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம். திருத்தப்பட்டது என்ற தேதியே பாதிக் கட்டுரைகளில் இருக்காது.

வருடக் கணக்கிலும் இப்படி ஒரு விளையாட்டு நடந்தது. கட்டுரை நவம்பரில் இணையத்தில் வந்துவிடும், இதழ் எண்ணும் பக்க எண்ணும் ஒட்டி அச்சு இதழில் சேர்வது அடுத்த வருடமோ அதற்கும் அடுத்த வருடமோ. இதழின் மதிப்பைக் காட்டும் எண்ணாக எடுத்துக்கொள்ளும் இம்பேக்ட் ஃபேக்டர் என்பது, முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளுக்கு இந்த வருடம் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. அப்படியானால் கட்டுரையை இதழில் சேர்க்காமல் இணையத்திலேயே ஊறப்போட்டால், கணக்கு தொடங்கும்போது மேற்கோள்கள் வரத் தொடங்கிய கட்டுரையாக உள்ளே நுழையும். இதைத் தெரிந்தே செய்தவர்கள் இருந்தார்கள். கணக்கைப் போடும் கிளாரிவேட் நிறுவனம் 2021-இல், இணையத்தில் முன்கூட்டி வந்தவற்றையும் சேர்க்கத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் இதன் ஒரே விளைவு, டிசம்பர் கடைசி வாரம் இன்னும் மோசமானது.

தேதி இருக்கக்கூடாத இடத்தில் தேதி வந்து உட்காரும் வேடிக்கையும் உண்டு. உயிரியல் கட்டுரைகளோடு எக்ஸெலில் மரபணுப் பட்டியல் வரும். செப்ட்1, மார்ச்1 என்று அன்று பெயரிருந்த மரபணுக்களை எக்ஸெல் செப்டம்பர் 1, மார்ச் 1 என்று மாற்றிவிடும். எக்ஸெலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. மைக்ரோசாஃப்ட் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் 2020-இல், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியதை அறிவித்தது. எக்ஸெல் தன் பிடியைத் தளர்த்தியது அதற்கும் சில வருடங்கள் கழித்து. இன்றும் இணைப்புக் கோப்பைத் திறந்ததும் ஒரு முறை "செப்" என்று தேடிப் பார்த்துவிடுவேன்.

பெயர்கள் பற்றித் தனியாகவே எழுதலாம். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைச் சொன்ன கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் ஆராய்ச்சிக்கு 9 பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும். அந்தப் பட்டியலில் யாருக்கு எந்த முகவரி எண் என்று சரிபார்த்த என் சக தொழிலாளி யாரோ, அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அப்படிப்பட்ட பெரிய கூட்டுக் கட்டுரைகளில் சில பெயர்களின் மேல் ஒரு சிறு குறி இருக்கும். அடிக்குறிப்பில் போனால் "காலமானார்" என்று இருக்கும்.

சின்னக் கட்டுரைகளிலும் அது வரும். ஒருமுறை எங்கள் தானியங்கி நினைவூட்டலுக்கு ஒரு பதில் வந்தது. இணை ஆசிரியர்கள் எல்லோரும் தங்கள் பங்கை உறுதிசெய்ய ஒரு சுட்டியை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சில நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சல் போய்க்கொண்டே இருக்கும். எழுதியிருந்தது மகள். "அப்பா போன மாதம் தவறிவிட்டார். உங்கள் கடிதங்கள் நிற்கவில்லை. நான் எதை அழுத்தினால் நிற்கும்?" அந்தக் கட்டுரையின் முதன்மை ஆசிரியருக்கே விஷயம் தெரியாது, அவர் வேறு கண்டத்தில் இருந்தார். நினைவூட்டலைக் கையால்தான் நிறுத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த மென்பொருளில் "இனி பதில் தர மாட்டார்" என்பதற்கு இருந்த ஒரே தேர்வு "ஆசிரியர் பட்டியலிலிருந்து நீக்கு". அவரை நீக்கக்கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தோம். உறுதிமொழியை முதன்மை ஆசிரியர் தன் பெயரில் எழுதித் தந்தார். அடிக்குறிப்புக்கு மகளிடம் தேதி கேட்டு வாங்கினோம். பெறப்பட்டதற்கும் திருத்தப்பட்டதற்கும் நடுவில் இருந்தது. புரூஃபில் மகள் ஒரே ஒரு திருத்தம் கேட்டார்: அப்பாவின் பெயரில் நடு எழுத்து விட்டுப்போயிருந்தது. முப்பது வருடமாக அவருடைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் இருந்த எழுத்து. சேர்த்தோம்.

1991-இல் ஆர்க்கைவ் என்ற, கட்டுரைகளை இதழுக்கு முன்பே ஏற்றிவைக்கும் இணையக் களஞ்சியம் வந்த பிறகு, "நான்தான் முதலில்" என்பதற்கு ஆய்விதழ் தேதி பெரிதாகத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயற்பியல், கணிதக்காரர்கள் அங்கே ஏற்றிவிடுகிறார்கள்; முத்திரை அங்கேயே விழுந்துவிடுகிறது. பாய்ன்காரே அனுமானத்துக்கான நிறுவலை 2002, 2003-இல் ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் அங்கே போட்டதோடு சரி, எந்த இதழுக்கும் அனுப்பவே இல்லை. 2006-இல் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கொடுத்தார்கள், அதையும் வேண்டாம் என்றார். எல்லோரும் பெரல்மான் ஆகிவிட்டால் எனக்கு வேலை இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரு கமிட்டி இருக்கிறது. ஓல்டன்பர்க் விஞ்ஞானிகளுக்காகப் போட்ட தேதி இன்று பெரும்பாலும் நிர்வாகத்துக்குப் போய்ச்சேர்கிறது. அது எங்களுக்குப் பெருமை தருகிற விஷயமா என்று கேட்டால், இல்லை.

எங்கள் தேதிக்கு இன்னும் மிச்சம் இருக்கும் வேலை வேறு: இன்ன நாளிலிருந்து இந்தப் பிரதிக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்வது. வெளியான பிறகு ஒரு கமாவைக்கூட யாருக்கும் தெரியாமல் மாற்றக்கூடாது. தவறு எங்களுடையது என்றால் எர்ராட்டம், கட்டுரையாளருடையது என்றால் காரிஜெண்டம், அடித்தளமே ஆட்டம் கண்டால் திரும்பப் பெறல். மூன்றுக்கும் தனித்தனி அறிவிப்பு, தனித்தனி டிஓஐ (இணையத்தில் நிரந்தர அடையாள எண்), தனித்தனி தேதி. "தப்புன்னு தெரிஞ்சா அழிச்சிட வேண்டியதுதானே?" என்று கேட்கிறார்கள். அழித்தால், அதை ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர்கள் எதை மேற்கோள் காட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் கட்டுரை அங்கேயே இருக்கும், ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கிலும் திரும்பப் பெறப்பட்டது என்று பெரிதாக எழுதியபடி.

திரும்பப் பெறும் அந்த ஐந்தாவது தேதி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில்தான் ஓர் இதழின் குணம் தெரியும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வந்தது 1998 பிப்ரவரி, திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரி. அதே லான்செட்டில் 2020 மே 22-இல் வந்த, கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் மருந்து தருவது பற்றிய கட்டுரை ஜூன் 4-இல் போய்விட்டது, அதன் தரவைத் தந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதைச் சரிபார்க்கக் கொடுக்கவில்லை என்பதால். முதலாவதுக்கு 12 வருடம், இரண்டாவதுக்கு 13 நாள். நடுவில் மாறியது வாசகர்களின் வேகம் என்பது என் கட்சி. எடிட்டர்கள் அவ்வளவாக மாறவில்லை.

அப்புறம் 2023. பேப்பர் மில்கள், அதாவது காசு வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரித்துக் கொடுப்பவர்கள், சிறப்பிதழ்கள் வழியாகக் கூட்டம் கூட்டமாக உள்ளே நுழைந்தது வெளியே வந்தது. ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் அந்த வருடம் திரும்பப் பெற்றவை 8,000-க்கும் மேல். எண்ணைக் கேட்டு எல்லோரும் ஆராய்ச்சி நேர்மை பற்றிப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். எங்கள் குழுவில் பேச்சு வேறு மாதிரி போனது. ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு எழுத வேண்டும், எக்ஸ்எம்எல் போட வேண்டும், டிஓஐ பதிய வேண்டும், பழைய பக்கத்தில் இணைப்புக் கொடுக்க வேண்டும், பிடிஎஃப்பில் குறுக்கே எழுத்து ஏற்ற வேண்டும், தரவுத்தளங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஸ்க்ரிப்ட் எழுதிப் பாதியை ஓட்டலாம். மீதிப் பாதிக்கு ஆள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அவற்றில் எத்தனையோ கட்டுரைகளுக்கு, எது சரி என்று கேட்டு ஓரத்தில் குவெரி வைத்தவரும் "ஆம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டவரும் எங்களைப் போன்ற ஒருவராகத்தான் இருந்திருப்பார்.